மூன்று வாணங்கள்

மெக்சிகோ நகரம்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் நயேலி எழுதுவது. நானும் சித்தியும் நலம். சிகாகோவில் பனி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையவில்லை என்றால் நான் பின்னி அனுப்பிய காலுறையை வெட்கப்படாமல் போட்டுக்கொள். ஃபோனில் பேசும்போது சித்தி பக்கத்திலேயே நிற்பதால் எனக்கு வார்த்தை வருவதில்லை. நிற்காவிட்டாலும் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். வாசல் வீட்டுப் பாட்டி தோன்யா சோலேயின் மருமகன் இன்று வடக்கே பஸ் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சித்தியின் தமாலே கடை பரவாயில்லாமல் நடக்கிறது. விடியும் முன்பே வாசலில் அடுப்பைப் பற்றவைத்து, இலையில் பொதிந்த சோளமாவை அவிப்பது இப்போது என் வேலை. பள்ளிக்கூடத்தை நினைத்து நீ வருத்தப்படாதே, எனக்கு அடுப்பு பிடித்திருக்கிறது, அது கேள்வி கேட்பதில்லை. பக்கத்து அச்சகத்தை இடித்த இடத்தில் கண்ணாடி மாடி வீடுகள் பாதி எழும்பிவிட்டன. நம் முற்றத்தில் துணி காய்வதற்கு இனி மத்தியானம் வரை வெயில் கிடையாது.

நம் ஒண்டுக்குடித்தனத்தில் சினிமா எடுத்தார்கள் என்று சித்தி சொல்லியிருப்பாள். ரெனாட்டா என்ற பெண்தான் இயக்குநர், நல்லவள். மாறிக்கொண்டே இருக்கும் நகரத்தில் நாலைந்து சாதாரண மனிதர்களின் கதையாம். ஒரு மெட்ரோ ஓட்டுநர், ஒரு நர்ஸ், கடைசியில் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குத்தான் நம் முற்றம் வேண்டியிருந்தது.

நீ இங்கே இருந்தபோது நிஜமாகவே காலி செய்ய ஆட்கள் வந்தார்களே, நினைவிருக்கிறதா? தோன்யா சோலே மாதா படத்தின் கீழிருந்த வாணங்களை எடுத்து மூன்றையும் அடுத்தடுத்து விட்டாள். ரொட்டிக்கடை, சந்தை, செருப்புக்கடை என்று தெருவே ஓடி வந்து வாசலை மறித்தது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். திருவிழாவுக்கு ஒவ்வொன்றாக விடுவதும், ஆபத்துக்கு மட்டும் மூன்றைத் தொடர்ந்து விடுவதும் நம் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ரெனாட்டாவுக்கு அந்தக் காட்சி வேண்டியிருந்தது. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். தோன்யா சோலேதான் கேட்கவில்லை. "பொய்யா விட்டா மாதா கோவிச்சுக்குவா" என்று நிஜ வாணத்தையே விட்டாள். ரொட்டிக்கடை தோன் எலியாஸ் முழங்கை வரை மாவோடு, "எங்கடா அவனுங்க?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். கேமராவைப் பார்த்ததும், "சோலே, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா, ஒரு தட்டு ரொட்டி கருகிப்போச்சு" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

காட்சி சரியாக வரவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வாணம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். முதலில் பாதித் தெரு வந்தது, பிறகு நாலு பேர், பிறகு சந்தை நாய்கள். கடைசி நாள் மூன்றாவது வாணம் வெடித்தபோது நான் ரொட்டிக்கடையில் நின்றிருந்தேன். தோன் எலியாஸ் தலையைக்கூடத் தூக்கவில்லை. "என்ன ஹீரோயின், உங்களை இன்னும் துரத்தி முடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு மாவைப் பிசைந்தார்.

ஹீரோயின் என்று அவர் கேலி செய்ததற்குக் காரணம் உண்டு. வாசலில் நின்று "வந்துட்டாங்க, எல்லாரும் ஓடி வாங்க!" என்று கத்துவதற்கு ரெனாட்டா என்னைத்தான் முதலில் நிறுத்தினாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பிறகு ஒரு நடிகை வந்து கத்தினாள். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமான்களை வெளியே எறியும் ஆட்களாக நடித்தவர்களோடு சாம்பல் நிறத் தொப்பிக்காரன் ஒருவன் சுற்றிக்கொண்டிருந்தான். கேமரா ஓடாதபோதும் நம் கதவுக் கீலை ஆட்டிப் பார்த்தான். என்னிடம் தமாலே வாங்கித் தின்றுகொண்டே, "வாணம் எப்பவும் அந்தக் கிழவிதான் விடுமா? அது ஊர்ல இல்லன்னா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கூச்சம் ஒரு தடவையாவது உதவியது. படக்குழு கிளம்பும் நாளில் அவனைப் பற்றி விசாரித்தேன். "அவரா? உங்க வீட்டு ஆளுன்னுல்ல நெனச்சோம்" என்றார்கள். நாங்கள் இத்தனை நாளும் அவனை அவர்கள் ஆள் என்று நினைத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை அவனை மறுபடி பார்த்தேன். கண்ணாடி வீட்டு வாசலில், கோட்டுப் போட்ட ஒருவரோடு நம் வாசலைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ரொம்ப நாள் பழகியவன் மாதிரி கையசைத்து, "என்னம்மா, படம் முடிஞ்சிடுச்சா?" என்றான்.

சித்தியிடம் சொன்னேன். "நீ வாயத் தொறக்குறதே அதிசயம், தொறந்தா இப்படி வயித்தக் கலக்குறியே" என்றாள். நம்மைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு இன்னும் நடக்கிறது, தீர்ப்பு வராமல் யாரும் நம்மைத் தொட முடியாது என்கிறாள். போன தடவையும் தீர்ப்பு வரவில்லையே அம்மா. தோன்யா சோலேயிடம், வாணத்தை இனி யாரும் நம்ப மாட்டார்கள், வேறு அடையாளம் வைக்கலாம் என்றேன். முதலில் கோபப்பட்டாள். பிறகு மாதா படத்தின் தூசியைத் துடைத்தாள். "அப்ப யாராச்சும் தெருவுல ஓடிப்போய்க் கத்தணும்டி. காலைல மொதல்ல வாசல்ல நிக்கிறவங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அதனால் துணி துவைக்கும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் கத்திப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. நேற்று கொஞ்சம் வந்தது, கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. நீ பஸ் ஏறிய அன்றும் ஒரு சொல் என் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. அது என்ன சொல் என்று நீயும் கேட்டதில்லை.

வீட்டு ஃபோனை யாரும் எடுக்கவில்லை என்றால் ரொட்டிக்கடைக்குக் கூப்பிடு, தோன் எலியாஸ் தகவல் சொல்வார். உன் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து என் உடைக்குள் தைத்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அடுப்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தோன்யா சோலேயின் மருமகன் பையோடு வந்து நிற்கிறார். இன்னும் நன்றாக விடியவில்லை. தெருமுனையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு லாரி நிற்கிறது, அதன் பின்னால் இன்னொன்று. ரொட்டிக்கடைக்கு மாவு வருவது திங்கட்கிழமைதான்.

போய்ப் பார்க்கிறேன் அம்மா. இரவு தூங்கும்முன் அங்கிருந்தே என் நெற்றியில் சிலுவை வரைவதாகச் சொல்வாயே, இந்த ஒரு தடவை அதை என் தொண்டையில் வரை.

உன் அன்பு மகள்,
நயேலி