பேழைக்கு முன்னால் அரை மணி நேரம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்றும் வேலை விட்டதும் நேரே மாதா கோயிலுக்குப் போய், ஆண்டவர் இருக்கும் நற்கருணைப் பேழை முன்னால் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதமாக இப்படித்தான். நான் ஆழ்ந்து மனச்செபம் செய்வதாக எல்லோரும் நினைக்கிறார்கள். போன ஞாயிறு ஃபாதர் பிரசங்கத்தில் என்னை உதாரணமாகச் சொன்னார். எனக்குக் கூச்சம்கூட வரவில்லை.

இன்று கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ரோசாலி நின்றாள். பீங்கான் கம்பெனியில் என்னோடு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். எட்டு மாதக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய், இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள்.

"வாயத் தொறக்காம அப்படி என்னக்கா பேசுறீங்க? எனக்கும் சொல்லிக்குடுங்க," என்றாள்.

ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"ஒண்ணும் பேசலடி. வூட்டுல யாரும் இல்ல. அங்க போவப் பயந்துக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன். சாமி மேல கோவம்கூட வர மாட்டேங்குது."

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில்பிள்ளை கதவைப் பூட்ட வரும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

வெளியே வந்ததும், "எனக்கும் ஒண்ணும் வரலக்கா. நாளைக்கும் வரட்டா?" என்று கேட்டாள்.

"வா," என்றேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அழுகை வரவில்லை. நான்கு மாதமாக ஆண்டவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததை ரோசாலியிடம் சொல்லிவிட்டேன். பேழைக்கு முன்னால் வைத்துத்தான் சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்கும்.