ஈஸ்டுக்குப் பசி

மார்ச் 3
வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கிறேன் என்று சொல்லி எட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். வரவேண்டிய எத்தனாலில் நாற்பது சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. இன்று எழுபத்தெட்டு! கருவியைத் துடைத்து மூன்று முறை பார்த்தேன். மேலாளர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கலக்கிட்டீங்க மேடம்!"

மார்ச் 4
கேன்டீன் டீயில் சர்க்கரை இல்லை. மூட்டையையே காணோமாம்.

மார்ச் 6
தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன், அன்றைக்கு ஏதாவது வித்தியாசமாகச் செய்தாரா என்று. மனுஷன் மறைக்கவே இல்லை.

"ஈஸ்ட் சோர்ந்து கிடந்துச்சு மேடம். பசி போலன்னு பாவமா இருந்துச்சு. கேன்டீன்லேர்ந்து ஒரு மூட்டை சர்க்கரையைத் தூக்கிட்டு வந்து கொட்டினேன். என்னமா பொங்குச்சு தெரியுமா!"

வைக்கோலாவது மண்ணாங்கட்டியாவது. சர்க்கரையிலிருந்து சாராயம் எடுப்பதை எந்தத் திருட்டுச் சாராயக்காரனும் எங்களைவிடச் சுலபமாகச் செய்வான்.

மார்ச் 7
மேலாளரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எழுபத்தெட்டுன்னு மேலிடத்துக்கு எழுதியாச்சு. இருபதாம் தேதி அங்கேர்ந்து ஆய்வுக் குழு வருது. நேர்ல செஞ்சு காட்டலேன்னா ஆலையை மூடிருவாங்க. பேசாம இன்னொரு மூட்டை போட்டுருங்க."

சரி என்றேனா? தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். சே. வீட்டுக்காரரிடம் சொன்னால், "மூட்டையை நீயா தூக்கப் போறே? இடுப்பு பிடிச்சுக்கும்" என்கிறார். இவருக்கு எல்லாமே விளையாட்டு.

மார்ச் 19
மாட்டேன். எட்டு வருஷம் — இதுக்கா?

மார்ச் 23
குழு நான்கு நாளும் தொட்டியைச் சுற்றியே நின்றது. நானும் நகரவில்லை. வெறும் வைக்கோல். நாற்பத்தொன்று. முன்பு எழுபத்தெட்டு எப்படி வந்தது என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன்: நாள், நேரம், எடை, கொட்டியவர் பெயர். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏப்ரல் 11
ஆலைக்கு இரண்டு வருட நீட்டிப்பு! மற்ற வைக்கோல் ஆலைகள் காகிதத்தில் காட்டிய தொண்ணூறெல்லாம் குழு நேரில் பார்த்தபோது காணாமல் போய்விட்டதாம். நம்பும்படி நின்றது எங்கள் நாற்பத்தொன்று மட்டும்தானாம். மேலாளர் மேடையேறி நேர்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நேர்மைக்கு அடையாளமாக ஆபரேட்டர் அண்ணனை நேற்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அண்ணன் என்னிடம் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நான் கொட்டினது நிஜந்தானே மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழுவுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையின் நகலை எடுத்து மறுபடி படித்தேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. இன்னொரு மூட்டை போடச் சொன்னது யார் என்பதை மட்டும் நான் எழுதவே இல்லை.