முப்பத்தாறு கம்பியும் ஒரு யானைக் கூட்டமும்

ஆகாயத்தை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் என் மருமகள் சுண்டெலிக்கு, தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பத் தெரியாத தாய்மாமன் எழுதுவது. நான் நலம். சைக்கிள் கடை நலம். உன் அம்மாவும் நலம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அக்கா என்னோடு பேசி மூன்று மாதமாகிறது.

உன் கடிதம் வந்தது. தோள் எலும்பு கூடிவிட்டது, டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், சைக்கிளில் மண்மேட்டைத் தாவவும் பூங்காவின் சிமெண்ட் சரிவில் குதிக்கவும் உறுதியான சக்கரம் வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். மூவுலகிலும் நிகரில்லாத சக்கர மேதையாகிய நான் இதற்காக மூன்று நாள் அன்ன ஆகாரமின்றித் தவம் கிடந்தேன். நடுவில் சாப்பிட்ட ஆறு பன்னைக் கணக்கில் சேர்க்காதே.

வெளிவளையம் ரெட்டைச் சுவர் ரிம்மாகப் பார்த்து வாங்கு. ஒற்றைச் சுவர் ரிம் உன் முதல் குதிப்பிலேயே தகர டப்பா மாதிரி நசுங்கும். ஸ்போக்ஸ் கம்பி முப்பத்தாறு இருக்கட்டும். முப்பத்திரண்டே தாராளம் என்பார் கடைக்காரர். குதிக்கப் போவது அவரில்லையே. பின்சக்கரத்துக்குத் தாராளமாகச் செலவழி, நீ இறங்கும்போது மொத்த பாரமும் அதன் தலையில்தான் விழும். முன்சக்கரம் சுமாராக இருந்தால் போதும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் சிவப்பு, ஊதா என்று வண்ணத்துக்குக் காசைக் கொட்டாதே. மூடிய பேரிங்கும் தடித்த ஆக்சிலும் இருக்கிறதா என்று மட்டும் பார். ரிம் என்றைக்காவது அடிவாங்கிச் சாகத்தான் போகிறது. ஹப் நல்லதாயிருந்தால் ரிம்மை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சக்கரம் கொஞ்சம் கனக்கும். கனக்கட்டும்.

மாமா கட்டி அனுப்பிய போன சக்கரத்திலும் இதெல்லாம் இருந்ததே, அப்படியும் மடங்கியதென்றால் நான்தான் கோணலாக இறங்கியிருப்பேன் என்று கடைசியில் எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அக்காவிடமும் அதையே சாதித்தாயாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

சுண்டெலி, நீ கோணலாக இறங்கவில்லை.

புதுச் சக்கரத்தில் முதல் பத்துத் தாவலுக்குள் கம்பி தளரும். அப்போது எல்லாக் கம்பியையும் ஒரு தடவை முறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மடங்கிவிடும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். பால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பால் கேனைத் தவிர வேறெதையும் குதிக்க வைத்ததில்லை. நீ மட்டும்தான் போனில் வாய்விட்டுக் கேட்டாய், இங்கே யாரிடமாவது காட்டி முறுக்கட்டுமா மாமா என்று. மாமன் கட்டிய சக்கரத்தை யானைக் கூட்டமே மிதித்தாலும் கோட்டம் வராது, அடுத்தவன் கை அதில் படவே கூடாது என்று நான் அளந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதனால் அது வெறும் விளையாட்டுப் பேச்சென்று உனக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டேன்.

உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அக்கா, மடங்கிய சக்கரத்தை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டாள். இதைத்தான் யானை மிதித்தாலும் கோட்டம் வராது என்றாயா என்று கேட்டாள். அவள் போனபிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடிபடாத பக்கத்திலும் கம்பியைப் பிடிக்கும் நிப்பிள்கள் தாமாகவே இரண்டு சுற்றுக் கழன்றிருந்தன. இதை யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்.

ஆகவே இந்தத் தடவை என்னிடம் வாங்காதே. உன் ஊரிலேயே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடையில் கட்டச் சொல். பத்துத் தாவல் முடிந்ததும் அந்தக் கடைக்காரரிடமே கொண்டுபோய் முறுக்கச் சொல். இதோடு கம்பி முறுக்குகிற சாவி ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் அதன் முனையால் கம்பிகளைத் தட்டிப் பார். ஒரு கம்பி மந்தமாகச் சத்தம் கொடுத்தாலும் அன்றைக்கு ஏறாதே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போ.

அக்காவுக்கு இந்தக் கடிதத்தைப் போனில் படித்துக் காட்டு. பால்காரர் வருகிற இடத்தை விட்டுவிடாதே.

எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போ கண்ணு, முழுசாகத் தரைக்கு வா. சக்கரத்தை முறுக்கியாயிற்று என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. திட்டி எழுதினாலும் சரி.

யானைகளையெல்லாம் விரட்டிவிட்டு
அந்த ஒரு வரிக்காக வாசலில் நிற்கும்,
உன் மாமன்