நாலு விளக்குப் பலகை

9-9-57, திங்கள்

காலையிலிருந்து மழை. காஜா பேராங் ரோட்டில் போன வாரம் சுதந்திரத்துக்குக் கட்டின மெர்டேக்கா கொடிகள் நனைந்து தொங்குகின்றன. கடை மாடி, ஒலிப்பதிவு அறை. நான் மட்டும்.

பதிவுக்கு நான் செய்கிற பலகை பாதி முடிந்தது. அலுமினியத் தகடு. மேலே மூன்று குமிழ், மூன்று மைக்குக்கு: பாட்டு, ஃபிடில், ரெபானா மேளம். கீழே நாலு சுவிட்ச். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடுகிறவர்கள் அறையில் நாலு விளக்கு. பச்சை, பாடு. சிவப்பு, நிறுத்து. மஞ்சள், மைக்கிட்ட வா. வெள்ளை, இன்னொரு தடவை.

முதலாளி பார்த்துவிட்டு, "நீ பேசுறதுக்கும் ஒரு மைக் வச்சுக்கலாமே?" என்றார். பேச்சு டேப்பில் விழுந்துவிடும் என்றேன். பொய். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை வருவதற்குள் எதிரே இருப்பவர் டீயே குடித்து முடித்துவிடுவார்.

வாங்க: மஞ்சள் பல்பு, பற்றவைக்கிற ஈயம், ரொட்டி.

11-9, புதன்

நல்ல வெயில். பலகை வேலை செய்கிறது. அழகாகவும் இருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்ல.

செட்டிக் குடும்பம் வந்தது. பாடுகிறவள் மங்களம், அவள் அண்ணன் ஃபிடில், மேளத்துக்கு ஒரு பெரியவர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள்; பேர்தான் நம்ம பேர், தமிழ் வராது, எல்லாம் மலாய். பந்துன் பாட்டு நாலு. மைக் எப்போதும் திறந்தே இருப்பதால் அங்கே பேசுவதெல்லாம் என் ஹெட்போனில் விழும். அவர்களுக்குத் தெரியாது.

அண்ணன்: "அந்த ஆளு ஊமையா?"

மங்களம்: "இல்ல, கூச்சம். பாவம், யாரு இருக்கா அவருக்கு?"

மூன்று மாதமாக இவள் வருகிற நாளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மத்தியானம் ரொட்டி. மீதி காக்காய்க்கு.

13-9, வெள்ளி

கடைசிப் பதிவு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறார்கள். அண்ணனுக்கு அங்கே ஹோட்டல் பேண்டில் வேலை. இதுவும் ஹெட்போனில் கேட்டதுதான், என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்து ஆண்கள் இருவரும் கீழே இறங்கினார்கள். மங்களம் மட்டும் திரும்பி வந்து மைக் முன்னால் நின்றாள். கண்ணாடி வழியாக என்னையே பார்த்து, மலாயில். அபாங் என்பது மூத்தவரைக் கூப்பிடுகிற சொல்; மற்றதை அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்:

"அபாங், உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியும். அன்னைக்கு நான் பாவம்னு சொன்னப்ப உங்க முகம் மாறிச்சு. நாளைக்கு வீட்டுக்கு வாங்க, அம்மாகிட்ட பேசுங்க. நீங்க கேட்டா நான் சிங்கப்பூர் போகமாட்டேன். வருவீங்களா?"

கை பலகைமேல். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. எதை அழுத்துவது? எழுந்து நாலு எட்டு வைத்துக் கதவைத் திறந்திருக்கலாம். நாலு விளக்கையும் பார்த்தாள், ஒன்றும் எரியவில்லை. "சரி" என்றாள். படியில் செருப்புச் சத்தம். மடையன் நான்.

14-9, சனி

மழை இல்லை. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. அவள் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே சாமான் கட்டுகிற சத்தம், சிரிப்பு. பத்துப் பேராவது இருப்பார்கள். திரும்பிவிட்டேன்.

சாப்பிடவில்லை.

16-9, திங்கள்

தூறல். தகட்டில் புதிதாக ஒரு துளை போட்டேன். என் பக்கம் ஒரு மைக், அந்த அறையில் ஸ்பீக்கர். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகுதான் உறைத்தது, இதை ஒற்றை ஆளாகச் சோதிக்க முடியாது. இங்கே பேசிவிட்டு அங்கே ஓடினால் குரல் போய்விடுகிறது. மூன்று தடவை ஓடிப் பார்த்தேன்.

பக்கத்துத் துணிக்கடை காதர் மாமாவைக் கூப்பிட்டு அந்த அறையில் நிறுத்தினேன். சுவிட்சைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம் என்றுதான் இருந்தேன்.

மாமா கண்ணாடிக்கு அப்பால் கையை ஆட்டினார். பாட்டு மைக்கிடம் குனிந்து:

"நல்லா கேக்குது தம்பி. என்னாத்துக்கு மலாய்ல பேசுறீங்க? கட்டாயம் வர்றேன், கட்டாயம் வர்றேங்கிறீங்களே, யாரு கூப்பிட்டா?"