பேச்சியம்மாள் கொண்டுவந்த படம்

மே 17, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே வெயில் கொதிக்கிறது. டார்க் ரூமில் ஃபேன் ஓடவில்லை. கெமிக்கல் சூடாகி நெகட்டிவ் எல்லாம் கொழகொழ. ஐஸ் வாங்கித் தட்டுக்கு அடியில் வைத்துக் கழுவினேன்.

இன்று முடிந்தவை:
கே.கே. நகர் கல்யாண ஆல்பம். ஒட்டியாச்சு.
கப்பலூர் கம்பெனி காலண்டர் டிசைன், மறுபடியும். முதலாளி முகம் இன்னும் பெரிதாக வேண்டுமாம். இடமில்லை. தொழிலாளர் வரிசையை வெட்டிவிட்டேன்.
மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் இரண்டு. இரண்டு பெண்களும் நல்ல கறுப்பு, நல்ல களை. நெகட்டிவில் பென்சில் தேய்த்துச் சிவப்பாக்கினேன். இதற்கா தொழில் படித்தேன்.

ஸ்டூடியோ ஓனர் ஜெபமணி அண்ணனிடம் கத்தினேன். "தாலி கட்டுனப்புறம் மாப்பிள்ளை நேர்ல பாத்துக்கிருவான். நீ பூசுடா" என்கிறார்.

சாயங்காலம் செல்லூரிலிருந்து ஒரு அம்மா, பேச்சியம்மாள். நாற்பதைத் தாண்டியவர். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை. துண்டில் பொதிந்து ஒரு பழைய படம். அவர் அம்மா. இவரைப் பெற்ற மாதமே செத்துப்போனவள். இருப்பது இந்த ஒரே படம்தான். கையால் கலர் ஏற்றியது: பச்சைச் சேலை, தங்கநிற அட்டிகை, ரோஸ் கன்னம், பெரிய கண்கள். மேலே விளக்குப் புகை, பூஞ்சை.

"மகளுக்கு வைகாசியில கல்யாணம் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குச் சேலை வச்சுக் கும்பிடணும். மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சாப் போதும்."

"தெரியும்க்கா."

"வீட்டுக்குள்ள எங்க நின்னாலும் என்னையத்தேன் பாக்கும். அந்தப் பார்வை மட்டும் மாறிறக் கூடாது."

சரி என்றேன்.

மே 18, புதன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை.

முதலில் பழைய படத்தைப் படம்பிடித்துக் காப்பி நெகட்டிவ் எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். விளக்கு இல்லாமல் காப்பி எடுக்க முடியாது. காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தேன்.

புகை போனது. கூடவே அட்டிகையும் போனது. அடியில் வெறுங்கழுத்து, ஒரு கயிறு. எரிச்சல். அந்தக் காலத்திலும் ஒரு ஜெபமணி இருந்திருக்கிறான்.

நிறுத்தியிருக்க வேண்டும்.

இடது கண்ணில் பஞ்சு பட்டது. கருவிழி வழுக்கிக்கொண்டு கன்னத்துக்கு வந்தது. அடியில் இமை. மூடிய இமை.

வலது கண்ணைத் துடைத்தது கைதவறி அல்ல. பார்த்தே தீர வேண்டும் என்றுதான் துடைத்தேன். அதுவும் மூடியிருந்தது. பின்னால் நீலத் திரை மாதிரிப் பூசியிருந்ததையும் துடைத்தேன். கழுத்தருகே ஒரு ஆணின் நாலு விரல்கள். தலை சாயாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன.

நாற்காலியில் உட்கார வைத்த பிணம்.

உயிரோடு இருந்தவரை அவளைப் படம் எடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செத்த பிறகு கேமரா, நகை, ரோஸ் கலர், கண். த்தூ.

மே 19, வியாழன்

அனல் காற்று. சாப்பாடு இறங்கவில்லை.

ஜெபமணி அண்ணன் படத்தைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "அப்பல்லாம் இப்படித்தான் எடுப்பாய்ங்க. கண்ணை வரைஞ்சு விடு. அந்தம்மாகிட்ட வாயைத் திறக்காத."

"அவங்க அம்மாண்ணே. உண்மை தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு? இப்பப் போயித் தலை முழுகவா? போடா."

இவரிடம் பேசிப் பிரயோசனமில்லை. பொய்யில் தின்று கொழுத்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 21, சனி

பேச்சியம்மாள் வேலை முடிந்து நேரே வந்தார். தலையெல்லாம் பஞ்சு. படத்தைக் கையில் வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது யாரு தம்பி?"

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. இறந்த பிறகு எடுத்தது, கண் யாரோ வரைந்தது என்று நேராகச் சொன்னேன். அதைத்தான் நேர்மை என்று நினைத்திருந்தேன்.

"எது வரைஞ்சது?"

"கண்ணுக்கா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அழவில்லை. சேலைத் தலைப்பால் படத்தின் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசியே இல்லை.

"அப்ப இம்புட்டு நாளா என்னையப் பாத்தது யாரு?"

அந்த நாலு விரலின் மேல் தன் விரலை வைத்தார். "எங்கய்யா" என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. "சாகுற வரைக்கும் சொல்லலையே மனுசன்."

அவர் அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லாமல் காத்ததை நான் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

"மறுபடி கண்ணு வரஞ்சிரு தம்பி. எம்மகளுக்குத் தெரியக் கூடாது."

"விரலை மறைச்சிரவா?"

யோசித்தார். "அது கெடக்கட்டும்."

மே 24, செவ்வாய்

கண் வரவில்லை.

நேரே வைத்தால் முறைக்கிறது. கொஞ்சம் தாழ்த்தினால் காலண்டர் பெண். துடைப்பது, வரைவது, துடைப்பது. பழைய கண் எப்படி இருந்தது? ஒரு சாயங்காலம் என் மேஜையில் கிடந்தது. ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை நான். காப்பி நெகட்டிவும் இல்லை.

மகளின் கண் அம்மா மாதிரித்தானே இருக்கும், பேச்சியம்மாளை நினைத்து வரையலாம் என்று பார்த்தேன். நினைத்தால் சனிக்கிழமை வாசலில் பார்த்த கண்தான் வருகிறது.

நடுவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று. அவசரம். செத்தவர் போஸ்டரில் சிரிக்கிறார். எழுத்து நன்றாக வந்தது.

அட்டிகையை மறுபடி போட்டேன். அவர் கேட்கவில்லை. பூசும்போது கோபம் வரவில்லை.

மே 26, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம். நேற்று ராத்திரி எப்படியோ ஒரு ஜோடிக் கண்ணை வரைந்து முடித்தேன்.

பேச்சியம்மாள் மகளோடு வந்தார். கல்யாணப் பெண், செல்வி. படத்தைப் பார்த்ததும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. "ஆத்தீ! அம்மாச்சி எம்புட்டு அழகு! என்னையவிடச் சின்னப் புள்ளையால்ல இருக்கு!" குனிந்து பார்த்தது. "இதென்னம்மா வெரலு?"

"ஒந்தாத்தா" என்றார் பேச்சியம்மாள். "போட்டோக்காரரைப் பாத்து வெக்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். அவருதேன் பின்னாடி நின்னு நிமித்திப் பிடிச்சாராம்."

தயங்காமல், தடுமாறாமல்.

செல்வி சிரித்தது. "தாத்தாவுக்கு அம்புட்டு ஆசையாக்கும்!"

ஜெபமணி அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நல்லாப் பாத்துக்கங்கம்மா. பார்வை சரியா இருக்கா? ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

உள்ளே வந்ததிலிருந்து பேச்சியம்மாள் படத்தின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"அவ பாத்துட்டால்ல" என்றார். "சுத்திக் குடு தம்பி."