குடையும் ஒரு நல்ல வரியும்

அத்தானுக்கு ('அன்புள்ள' இன்றைக்குக் கிடையாது),

நாவலில் வந்தால்தான் எதையும் கவனித்துப் படிக்கிறீர்கள். அதனால் இந்தச் சீட்டையும் நாவல் மாதிரியே எழுதி, நீங்கள் படித்து நிறுத்திய பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

"ஞானசௌந்தரி பெருங்களத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். நேற்று மாலை தாம்பரம் ஸ்டேஷனில் கணவர் குடை கொண்டுவருவார் என்று நின்று பார்த்து, கடைசியில் தொப்பலாக நனைந்து வீடு வந்தவள் அவள். குடை ஆணியில் தொங்கியது. கணவரோ ஈஸிசேரில் சாய்ந்தபடி, கையிலிருந்த நாவலை உரக்கப் படித்தார்: 'மழையில் நனையாதவருக்கு வாழ்க்கை புரியாது. ஆகா, என்ன வரி, சௌந்தரி!'

அவளுக்கு வாழ்க்கை உடனே புரிந்துவிட்டது. விடிய விடியத் தும்மினாள்.

ஆனாலும் அவரைப் பட்டினி போட மனம் வரவில்லை. மீன் குழம்பு சட்டியில் இருந்தது. பூனை நாவல் படிப்பதில்லை, அதற்குக் குழம்பில்தான் கவனம். ஆகவே மூடியின் மேல் அம்மிக் குழவி இருந்தது.

லெண்டிங் லைப்ரரி ஜலால் பாய் மத்தியானம் நாவலை வாங்க வருவார். நல்ல வரி என்று கணவர் பக்கத்துக்குப் பக்கம் போட்ட பென்சில் கோட்டைப் பார்த்தால், 'இன்னா சார், நீ படிச்சியா, உழுதியா?' என்பார். ரப்பர் தையல் மெஷின் டிராயரில் இருந்தது."

சௌந்தரி

ஓரத்தில் நெருக்கி எழுதுகிறேன். ஒரே ஒரு வரிக்கு மட்டும் கோடு போட்டுக்கொள்ளுங்கள்:

"ஆறு மணி வண்டியில் அவள் திரும்பி வந்தபோது, பிளாட்பாரத்தில் ஒருவர் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். அன்றைக்கு மழையே இல்லை."