செர்ரி மரங்களுக்கு மேலே நின்ற ஹெலிகாப்டர்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. செர்ரிப் பறிப்புக்காக அட்டைப் பெட்டி மடித்து மடித்து என் விரல்கள் வீங்கிவிட்டன, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் இவள் கையெழுத்து. விமானப் பயிற்சியை விட்டு ஹெலிகாப்டருக்கு மாறட்டுமா, அப்பா சரி என்றால்தான் மாறுவேன், மாதக் கடைசிக்குள் பயிற்சிப் பள்ளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் அவர்தான். என் மகள் பெரிய விமானம் ஓட்டப் போகிறாள் என்று தோட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருக்கும் மனிதர், உன் கடிதத்தைப் படித்ததும் "கப்பல் ஓட்டப் போனவ இப்ப ஓடம் தள்ளுறேங்கிறா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார், அதோடு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. நானும் பயந்துதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். இறக்கை உள்ளதை நம்பலாம், தலைக்கு மேல் மின்விசிறியை வைத்துக்கொண்டு பறப்பதை எப்படியம்மா நம்புவது?

போன வாரம் நல்ல மழை. பழம் பழுத்து நிற்கும்போது மழை பெய்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், காம்புக் குழியில் தேங்கிய தண்ணீரைத் தோல் குடித்துக் குடித்துப் பழம் வெடித்துவிடும். முன்பெல்லாம் நாம் மரம் மரமாகப் போய் உலுக்குவோம், பாதி பழம் அதிலேயே கொட்டிவிடும். இந்த முறை தோட்டத்துச் சொந்தக்கார அம்மா, மரத்தைக் காய வைக்க ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுவிட்டார். மேற்கு ஓரத்தில் மின்கம்பி போகிறது அல்லவா, அது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்று அப்பாவைச் சிவப்புத் துணியோடு கம்பத்தடியில் நிறுத்தினார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் போனார். நீ இனி அதை உள்ளே உட்கார்ந்து பார்க்கப் போகிறவள், கீழேயிருந்து பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். மரத்துக்கு மேலே, ஏணி வைத்தால் தொட்டுவிடலாம் போல, அவ்வளவு தாழ்வில் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது மகளே, ஆகாயத்தில், பிடிக்க ஒன்றும் இல்லாமல். இலையெல்லாம் ஒரே சமயத்தில் முதுகைக் காட்டின, தண்ணீர் பக்கவாட்டில் புகையாகப் பறந்தது, புல் தரையோடு படுத்துவிட்டது, ஆனால் கொட்டியது ஏதோ கைப்பிடிப் பழம்தான். பிறகு ஒருவர் நடக்கிற வேகத்தில் அடுத்த மரம், அதற்கடுத்த மரம். வரிசை முடிந்ததும் நின்ற இடத்திலேயே குதிகாலில் திரும்புவது போல் திரும்பியது. அப்பாவின் தொப்பி பறந்து வேலிக்கு அப்பால் போனதுகூட அவருக்குத் தெரியாது, தெப்பலாக நனைந்து, துணியை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எரிபொருள் நிரப்ப இறங்கியபோது ஓட்டியவர் பழம் அடுக்கும் எங்கள் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். வழுக்கைத் தலை, பெரிய உடம்பு, இத்தனை லேசாகப் பறந்தவர் இவரா என்று இருந்தது. அப்போது உன் தங்கச்சி செய்த காரியத்தைக் கேள். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், அதட்டித்தான் எழுத வைக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு என்னோடு கொட்டகைக்கு வர ஆரம்பித்ததிலிருந்து ஒருவர் முகம் பார்த்துப் பேசாதவள், எல்லாரும் ஊமைக்கோட்டான் என்று கேலி செய்கிறவள், நேரே அவர் முன்னால் போய் நின்று, "எங்கக்கா ப்ளேன் ஓட்டக் கத்துக்கிட்டவ, இதுக்கு மாறணும்கிறா, முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். "நானே அப்படி வந்தவன்தாம்மா. முதல் வாரம் இதை ஒரே இடத்துல நிறுத்த எனக்கு ஒரு மைதானமே பத்தலை. கையை ஆட்டுனா கெட்டுது, மனசுல நினைச்சாலே நகரும்" என்றார். பின்னாலேயே வந்து நின்ற அப்பா, "ஆபத்து எதுலங்க?" என்று கேட்டார். அதற்கு அவர் சிரிக்கவில்லை. விமானத்தில் வேகம் குறைந்து எச்சரிக்கை ஒலி கேட்டால் ஓட்டும் குச்சியை முன்னால் தள்ளும்படி தூக்கத்திலும் மறக்காத அளவுக்குப் பழக்கிவிடுவார்களாம். இதிலும் மேலே உள்ள விசிறியின் சுற்று குறைந்தால் ஓர் ஒலி உண்டாம், அதற்கு இடது கை நெம்புகோலைத்தான் இறக்க வேண்டுமாம், அவசரத்தில் பழைய கை முந்திக்கொண்டு குச்சியைத் தள்ளினால் பிழைப்பது கஷ்டமாம். "அந்தக் கையை மறக்க வைக்கிறதுதான் பாடமே" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா தானே போய்க் கடிதத் தாள் வாங்கி வந்து இவளிடம் கொடுத்தார். "மாறிக்கட்டும். ஆனா பழைய கை போயிடுச்சுன்னு சொல்லித்தர்றவர் சொல்ற வரைக்கும் தனியா ஏறக் கூடாதுன்னு எழுது" என்றார். தோட்டத்தில் சொல்லி வைத்ததற்கெல்லாம் இனி என்ன சொல்வீர்கள் என்று சீண்டினேன். தாள் வாங்கப் போகும் வழியிலேயே டிராக்டர் ஓட்டுபவரிடம் சொல்லியாகிவிட்டதாம்: "பறக்க அவளுக்கு ஏற்கெனவே தெரியும்யா, இப்ப ஆகாயத்துல நிக்கக் கத்துக்கப் போறா."

ஆகவே மாதக் கடைசி வரை காத்திராதே, இன்றே சொல்லிவிடு. எத்தனை முறை ஏறினாலும் அத்தனை முறையும் முழுசாக இறங்கி வர என் ஆசி. ஒலி கேட்டால் இடது கை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது தங்கச்சி. அக்கா, கேட்டுவிட்டு நான் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதை அம்மா சொல்லவில்லை.)